நாலாயிரத்து நூற்று அறுபத்தேழு கையெழுத்து

பூங்குழலியின் சம்பளச் சீட்டில் 'எலக்ட்ரீஷியன் (பெண்)' என்று பதவி போட்டிருந்தார்கள். ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தத் தோல் ஃபினிஷிங் கம்பெனியில் வேறு பெண் எலக்ட்ரீஷியனும் இல்லை, ஆண் எலக்ட்ரீஷியனும் இல்லை. அந்த அடைப்புக்குறி அவளை யாரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்று பதினாறு வருடமாக அவளுக்குப் புரியவில்லை.

காவேரிப்பாக்கத்தில் பிறந்து, பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள். யூ.பி.எஸ். ரிப்பேர், இரண்டு நாள் வேலை என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் வர வேண்டாம் என்று யாரும் சொல்லாததால் வந்தாள். அப்படியே வந்துகொண்டிருந்தாள். நடுவில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஜீவாவைக் கட்டிக்கொண்டு சத்துவாச்சாரிக்குக் குடி போனாள். மகள் பிறந்து எட்டாவது வகுப்புக்கு வந்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். டிரம் மோட்டாரிலிருந்து எம்.டி. அறை ஏ.சி. வரைக்கும் எது நின்றாலும் அவளைத்தான் தேடுவார்கள்.

அவளுக்கு வெளியே தெரியாத ஒரு வித்தை இருந்தது. பாலிடெக்னிக் லேபில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடந்தது. லெக்சரர் அதன் பாஸ்வேர்டை மறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைத் துடைத்து வைக்கும் பொறுப்பைப் பூங்குழலிக்குக் கொடுத்தார்கள். அவள் துடைத்தாள்; அப்புறம் திறந்தாள்; அப்புறம் வெளியே வரவில்லை. கெர்னல் என்ற சொல் அங்கேதான் அவளுக்குப் பழக்கமானது. கம்ப்யூட்டரின் இரும்புக்கும் மேலே ஓடும் புரோகிராமுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் பேசிக்கொடுக்கிறதே, அதுதான் கெர்னல். அதைக் கட்டுவதற்கு முன் அது வரிசையாகக் கேள்வி கேட்கும். இந்த கார்டு இருக்கிறதா, அந்த சிப் இருக்கிறதா, இந்த வசதி வேண்டுமா. இருப்பதற்கு ஆம், இல்லாததற்கு இல்லை என்று சொல்லிக்கொண்டே போனால், அந்த இரும்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு கெர்னல் கிடைக்கும்.

போன ஆடியில் ஒரு நாள் கரண்ட் போய், வந்து, மறுபடி போய், ஒரேயடியாக அதிகமாய் வந்தது. அளவு மெஷினுக்குள் இருந்த கம்ப்யூட்டர் போர்டு கருகிவிட்டது.

தோலை அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அளவு மெஷினில் ஒரு பெல்ட் ஓடும். அதன் மேல் தோலைப் பரப்பினால், வரிசையாக இருக்கும் மின்கண்களுக்குக் கீழே போய் மறுபக்கம் வரும்போது பின்பக்கத்தில் சதுர அடி முத்திரை விழுந்திருக்கும். அந்த மெஷினைச் செய்து கொடுத்த பெங்களூர்க்காரர் வெளிநாடு போய்ப் பத்து வருடம் ஆகிறது. மின்கண்களைப் படிக்கும் கார்டு பிழைத்திருந்தது. அது பொருந்தும் பழைய போர்டு ஒன்றைச் சென்னையில் தேடிப் பிடித்து வாங்கினார்கள். ஆனால் பழைய கெர்னலுக்கு இந்த மாற்று போர்டை அடையாளம் தெரியவில்லை. கறுப்புத் திரையில் நாலு வரி எழுதிவிட்டு நின்றுவிட்டது.

"கெர்னலைப் புதுசா கட்டணும் சார். எல்லாம் சிடியில எடுத்து வச்சிருக்கேன். அரை நாள் வேலை," என்றாள் பூங்குழலி.

ஃபேக்டரி மேனேஜர் அப்துல் கரீமுக்கு அறுபது வயது. யாரையும் ஏமாற்றாதவர், யாரிடமும் ஏமாந்ததாகக் காட்டிக்கொள்ளாதவர். "அப்ப உடனே பண்ணிடும்மா," என்று சொல்லப் போனார். பக்கத்தில் அக்தரி பேகம் இருந்ததால் சொல்லவில்லை.

அக்தரி பேகம் தர அதிகாரி. இருபத்தெட்டு வயது, எம்.எஸ்ஸி. படித்தவள். அதற்கு முந்தின மாதம் வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பிய ஆடிட்டர் வந்து, 'அளக்கும் கருவியில் செய்யப்பட்ட மாற்றங்களுக்குப் பதிவு இல்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இனி அளக்கும் கருவியில் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எழுதப்பட்டு, குழுவில் பேசப்பட்டு, மூன்று பேரால் கையெழுத்திடப்படும் என்று கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. அந்தப் பதிலை எழுதியவள் அக்தரி.

"இதுல எத்தினி முடிவு இருக்குக்கா?" என்று கேட்டாள்.

ஒரு அஞ்சு பத்து இருக்கும் என்று பூங்குழலி சொல்லியிருக்கலாம். பின்னாளில் பஸ்ஸில் உட்கார்ந்து பல தடவை அதை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் அப்போது அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எண்ணிப் பார்த்து உண்மையைச் சொன்னாள்.

"நாலாயிரத்து நூத்தி அறுபத்தேழு."

அப்துல் கரீம், "டீ சொல்லுங்க," என்றார்.

கண்ணாடி அலமாரியில் மாதிரி ஷூக்கள் வரிசையாக நிற்கும் மீட்டிங் ஹாலில் குழு கூடியது. அப்துல் கரீம் தலைவர். அக்தரி பேகம் செயலாளர். தொழிலாளர் சார்பில் அளவு மெஷின் ஆப்பரேட்டர் அந்தோணி. இந்த மூவருக்கும் கையெழுத்து அதிகாரம் உண்டு. பூங்குழலிக்குக் கேள்வியை விளக்கும் அதிகாரம் மட்டும்தான். அக்தரி நாலாயிரத்துச் சொச்சம் கேள்விகளையும் அச்செடுத்து, தேடுவதற்குச் சுலபமாக எண் போட்டு அடுக்கியிருந்தாள்.

"அமெச்சூர் ரேடியோ," என்று வாசித்தார் அப்துல் கரீம். "நம்மகிட்ட ரேடியோ இருக்கா?"

"இல்ல சார். இல்லன்னு போட்டுடலாம். அது இல்லன்னா அதுக்குக் கீழ இருக்கிற பதினேழு கேள்வியும் தானா போய்டும்."

"போனதுக்கும் பதிவு வேணும்க்கா. ஏன் போச்சுன்னு," என்றாள் அக்தரி.

பதினேழும் ஏன் போயின என்று எழுதுவதற்குள் மதியச் சாப்பாட்டு சைரன் ஊதிவிட்டது.

மறுநாள் வேகம் பிடித்தது. ஜாய்ஸ்டிக் என்றால் விளையாடுகிற கைப்பிடி என்று பூங்குழலி சொன்னதும் அந்தோணி, வேலை நேரத்தில் விளையாட்டைத் தொழிலாளர் தரப்பு கேட்கவில்லை என்று பதிவு செய்யச் சொன்னார். 'மேஜிக் கீ' என்று ஒன்று வந்தது. மெஷின் உறைந்துபோனால் கீபோர்டில் ஒரு கீயை அழுத்தி மீட்கலாம், பெயர்தான் மேஜிக் என்று அவள் விளக்கினாள். அப்துல் கரீம் தாடியைத் தடவினார். "மந்திரம் தந்திரம்லாம் நம்ம கம்பெனிக்கு வேணாம்மா. நேர் வழியில போவோம்," என்றார். மூன்று கையெழுத்தும் விழுந்தன.

காவல்நாய் கேள்வி அரை மணி நேரம் எடுத்தது. வாட்ச்டாக் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"கேட்டுல ரெண்டு நாய் இருக்கே," என்றார் அந்தோணி.

"அந்த நாய் இல்லண்ணே. புரோகிராம் மூச்சு விடாம நின்னுட்டா இதுவே பாத்து ரீஸ்டார்ட் பண்ணிடும். நமக்கு இது அவசியம்."

"கொலைக்குமா?"

"கொலைக்காது."

"கொலைக்காத நாய் எதுக்கும்மா," என்றார் அப்துல் கரீம், நிஜமான வருத்தத்தோடு. அக்தரி 'ஏற்கெனவே இரண்டு உள்ளன' என்று எழுதினாள்.

கேள்விகளுக்கு அடியில் கெர்னல் எழுதியவர்கள் சிறு குறிப்பு கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் கடைசி வரி ஒன்றுதான்: தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லவும். அந்த வரி அப்துல் கரீமின் மனதில் இறங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடம் ஃபேக்டரி நடத்தியும் இவ்வளவு தெளிவாக யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றார். மூன்றாம் நாளிலிருந்து அதை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார். கெமிக்கல் சப்ளையருக்கு இல்லை. பிரேசிலிலிருந்து வந்த விசாரணைக்கு இல்லை. ஹெலன் என்ற டைப்பிஸ்ட் பிரசவ லீவு கேட்டாள். தேதி நிச்சயமாகத் தெரியுமா என்றார். டாக்டர் தோராயமாகத்தான் சொல்லியிருக்கிறார் என்றாள். அப்படியென்றால் இல்லை என்றார். குழந்தை மூன்று நாள் கழித்துப் பிறந்து அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது.

இடையில் கேட்டில் ஒரு குழப்பம். செக்யூரிட்டிக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கர்னல் வரவில்லை, கர்னல் எழுந்திருக்கவில்லை என்று உள்ளே எல்லோரும் பேசுவதைக் கேட்டு, தினமும் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்ததும் அவர் கோபப்படவில்லை. உடம்பு சரியில்லாத ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துப் பிரார்த்தனை செய்ததாகச் சொன்னார்.

மெஷின் நின்றிருந்ததால் சாயம் ஸ்ப்ரே செய்து முடிந்த தோல்கள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்தன. ஹாலுக்குள்ளும் நாலு அடுக்கு வைத்தார்கள். குழு தோல்களுக்கு நடுவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டு மணிக்கு ஸ்ப்ரே செக்‌ஷன் பேனல் போர்டில் புகை வருகிறது என்று ஆள் ஓடி வந்தான். பூங்குழலி எழுந்து போனாள். போர்டை அணைத்து, இரண்டு ஒயரை மாற்றிவிட்டு அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. விதிப்படி மூன்று கையெழுத்துக்காரர்கள் இருந்தால் போதும் என்பதால் குழு நிற்கவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் டைமர் கேள்வி வந்தது. கெர்னலுக்குள் ஒரு மணி அடித்துக்கொண்டே இருக்கும். அது நொடிக்கு எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நூறு, இருநூற்றைம்பது, முந்நூறு, ஆயிரம் என்று நான்கு விடை. ஆம், இல்லை என்று சொல்ல வழியில்லாத கேள்வி. அப்துல் கரீம் தடுமாறிப் போனார்.

"ஜாஸ்தியா இருக்கிறதையே எடுங்க சார். கம்மியா எடுத்துட்டு அப்புறம் பேஜாராவக் கூடாது," என்றார் அந்தோணி.

ஆயிரம். மூன்று கையெழுத்து.

பூங்குழலி திரும்பி வந்து அந்தத் தாளைப் பார்த்தாள். பழைய கெர்னலில் நூறு என்று இருந்ததாக ஞாபகம். "இத மாத்திக்கலாமா?" என்று கேட்டாள்.

"கையெழுத்து ஆயிடுச்சேக்கா. மாத்தணும்னா பதினாலாம் நம்பர் படிவம். ஏழு நாள் பார்வைக்கு வைக்கணும்," என்றாள் அக்தரி. அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

கார்டைப் படிக்க அந்தப் பெங்களூர்க்காரர் எழுதிய டிரைவர் புரோகிராமை ஒரு தரம் படித்துப் பார்த்தால் அளவில் வித்தியாசம் வருமா வராதா என்று தெரிந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று சிடியைப் பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் தூங்கிவிட்டாள். வீட்டுக்குப் போயும் தூங்கிவிட்டாள். தன் தப்பு அதுதான் என்று யார் கேட்டாலும் சொல்வாள். யாரும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் கடைசிக் கேள்வியில் கடைசிக் கையெழுத்து விழுந்தது. கெர்னலைக் கட்டுவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் வரிகள் மளமளவென்று ஓடின. போர்டு அடையாளம் தெரிந்தது, கார்டு அடையாளம் தெரிந்தது, அளவு புரோகிராம் எழுந்து நின்றது. அப்துல் கரீம் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்திருந்தார். எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டு நிற்க, அந்தோணி முதல் ஆட்டுத்தோலை பெல்ட்டில் பரப்பினார். அது கண்களுக்குக் கீழே போய் மறுபக்கம் வந்தது.

அந்தோணி முத்திரையைப் பார்த்தார். தோலைப் பார்த்தார். மறுபடி முத்திரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது. நாப்பத்தஞ்சு அடின்னுது."

பூங்குழலிக்கு அந்த நொடியே புரிந்தது. தோல் கண்ணைக் கடக்கும் நேரத்தில் எத்தனை மணி அடித்தது என்று எண்ணித்தான் டிரைவர் நீளத்தைச் சொல்கிறது. நொடிக்கு நூறு மணி என்று நம்பி எழுதியது அது. இப்போது ஆயிரம் அடிக்கிறது. நாலரை அடி ஆடு பத்து மடங்கு நீண்டுவிட்டது.

"ஒரு கேள்விதான் சார் தப்பு. மாத்திடுறேன்."

"படிவம் போடும்மா. ஏழு நாள்தானே."

"அதுவரைக்கும் மெஷின நிறுத்திடலாம்."

"பதினோரு நாள் நின்னதுக்கே சென்னை ஆபீஸ்லேர்ந்து போன் மேல போன். இனி நிறுத்த முடியாது."

"சார், இது ஆடு. நாலரை அடிதான் இருக்கும். பாத்தாலே தெரியுது."

அப்துல் கரீம் அவளைப் பரிவோடு பார்த்தார். "நாப்பத்தஞ்சுன்னு மெஷின் சொல்றதுக்கு நாலாயிரம் ரெகார்டு இருக்கு. நாலரைன்னு நீ சொல்றதுக்கு இன்னா ரெகார்டு இருக்கு?"

அவள் டேப்பை எடுத்து வந்து தோலை நீள அகலமாக அளந்து காட்டினாள். அக்தரி டேப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் சான்றிதழ் மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னாள்.

அளந்த தோல்கள் டிஸ்பேட்ச்சுக்குப் போயின. அங்கே தன்சீல் அகமது இருந்தார். கூட்டல் கழித்தலில் தப்பு விட்டதில்லை, பொய் எழுதியதில்லை. அவர் கம்ப்யூட்டரில் 'ஆடு' என்று போட்டு நாற்பத்தைந்து அடி என்று அடித்தார். ஆடு ஒன்பது அடிக்கு மேல் இருக்க முடியாது என்று சாஃப்ட்வேர் மறுத்தது. செம்மறி என்று மாற்றினார், மறுத்தது. மாடு முப்பத்தைந்தோடு நின்றது. கடைசியில் எருமைக்கு ஒப்புக்கொண்டது. மூன்று நாளில் அறுநூறு ஆடுகள் எருமைகளாயின.

"ஏன் அண்ணே எருமைன்னு போட்டீங்க?" என்று பூங்குழலி ஓடி வந்து கேட்டாள்.

"நா போடல தங்கச்சி. அது எதுக்கு ஒத்துக்கிச்சோ அதான் போட்டேன்," என்றார் தன்சீல் அகமது. அவர் குரலில் களைப்புதான் இருந்தது.

நாலாம் நாள் காலை, முன்பு குறை எழுதிவிட்டுப் போன அதே ஆடிட்டர் வந்து இறங்கினார். பெயர் இளம்பரிதி. சென்னையிலிருந்து சொல்லாமல் வந்திருந்தார். அக்தரி பதினோரு கட்டுப் பதிவுகளை மேஜையில் வைத்தாள். அவர் ஒரு கட்டைப் பிரித்தார், அப்புறம் இன்னொன்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பத்தொன்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு ஆவணத்தைப் பார்த்ததில்லை என்றார். இல்லாத ரேடியோவின் பதினேழு உட்கேள்விகள் ஏன் போயின என்பதை இரண்டு தடவை வாசித்தார்.

அப்புறம் டிஸ்பேட்ச் பட்டியலுக்கு வந்தார்.

"நீங்க ஆடு மட்டும்தானே பண்றீங்க. அறுநூறு எருமை இருக்கே."

அவர் எருமையைப் பார்க்க வேண்டும் என்றார். கோடவுனுக்குக் கூட்டிப் போனார்கள். அந்தோணி ஒரு தோலை எடுத்து மேஜையில் விரித்தார். கறுப்பு ஃபினிஷ், மெத்தென்று இருந்தது, ஒரு துண்டை விரித்த மாதிரி. பின்பக்கம் நாற்பத்தைந்து என்று முத்திரை. இளம்பரிதி தடவிப் பார்த்தார். முத்திரையையும் தடவிப் பார்த்தார்.

"எருமைக்கு இது சின்னதா இருக்கே."

"கன்னுக்குட்டிங்க சார்," என்றார் அந்தோணி.

பூங்குழலி நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மணி, டிரைவர், ஆயிரம், நூறு, தான் பஸ்ஸில் தூங்கியது எல்லாவற்றையும். இளம்பரிதி கவனமாகக் கேட்டுக்கொண்டார். எழுதிய காகிதம் இருக்கிறதா என்றார். இல்லை என்றாள். அப்படியென்றால் அதை நான் கேட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது அம்மா என்று மரியாதையாகச் சொன்னார்.

மாலையில் அறிக்கை கொடுத்தார். பதிவுகள் மிகச் சிறப்பு. ஒரே ஒரு சிறு குறை: 'விலங்கின் அளவுக்கும் பதிவின் அளவுக்கும் வேறுபாடு காணப்படுகிறது. முப்பது நாளுக்குள் ஒன்றோடொன்று பொருந்தச் செய்யவும்.'

அவர் கார் கேட்டைத் தாண்டியதும் அப்துல் கரீம் கேட்டார். "விலங்கை எப்படிம்மா பொருந்தச் செய்யறது?"

பூங்குழலி அறிக்கையை வாங்கி இன்னொரு தரம் படித்தாள். "சார், ஆடிட்டர் சொன்ன திருத்தத்துக்குப் பதினாலாம் நம்பர் படிவம் வேணுமா?"

அக்தரி விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நிமிர்ந்தபோது பதினைந்து நாளில் முதன்முதலாகச் சிரித்தாள். "வேணாம்க்கா."

பூங்குழலி மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஆயிரத்தை நூறாக்கினாள். யாரும் பார்க்காதபோது காவல்நாய்க்கும் ஆம் என்று போட்டாள். நாற்பது நிமிடம் கழித்து அந்தோணி ஒரு தோலைப் பரப்பினார். நாலரை.

"ஆடுதான்," என்றார், குழந்தை பிறந்த சேதி சொல்வதுபோல.

எருமைகளை ஆடுகளாக்க தன்சீல் அகமதுவின் சாஃப்ட்வேரில் வழி இல்லை. எருமைகளை விற்றவருக்குத் திருப்பி அனுப்பியதாகவும், புதிதாக ஆடுகள் வாங்கியதாகவும்தான் காட்ட முடிந்தது. சாஃப்ட்வேர் உடனே வழக்கமாக ஆட்டுத்தோல் கொடுக்கும் பேரணாம்பட்டு வியாபாரி ஷாஹித்துக்குக் கடிதம் அனுப்பியது. அவர் மறுநாள் போன் பண்ணினார். "நா ஜிந்தகியில எருமை வித்ததில்ல. எங்கிட்ட இடமும் இல்ல. தயவு பண்ணி அங்கேயே வச்சுக்கோங்க," என்றார். அவரைச் சமாதானப்படுத்த அப்துல் கரீம் நேரில் போய் வந்தார்.

எங்கேயோ எண்ணிக்கை தவறிவிட்டது. அறுநூறு வந்ததில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் திரும்பிப் போயிற்று. தன்சீல் அகமதுவின் வாழ்க்கையில் அது ஒன்றுதான் தப்பு. அதற்காக அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு எருமை கம்பெனியின் இருப்பில் இன்னும் இருக்கிறது.

அளவு மெஷின் அதற்குப் பிறகு நிற்கவில்லை. பக்கத்துக் கம்பெனிகளில் பழைய மெஷின் படுத்தால் பூங்குழலியைக் கூப்பிடுகிறார்கள். அவள் லீவு போட்டுவிட்டுப் போய், தனியாக உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் ஆம், இல்லை என்று போட்டுக்கொண்டே போவாள். அந்த அரை நாளைப் போல அவளுக்குப் பிடித்த நாள் வருடத்தில் வேறு இல்லை.

குழுவைக் கலைக்கவும் படிவம் தேவைப்பட்டதால் குழுவும் நீடிக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இருப்பு சரிபார்க்கும் நாளில் நாலு பேரும் அந்த எருமையைத் தேடிக் கோடவுனைச் சுற்றி வருகிறார்கள். அக்தரி 'காணப்படவில்லை, தேடல் தொடர்கிறது' என்று எழுத, மூன்று பேர் கையெழுத்துப் போடுகிறார்கள். முதல் தடவை பூங்குழலிக்குச் சிரிப்பு வந்தது, இரண்டாம் தடவை எரிச்சல். போன தடவை என்னவோ, யாரும் சொல்லாமலே அட்டைப்பெட்டிகளை நகர்த்தி, அடுக்குகளின் பின்னால் குனிந்து, நிஜமாகவே தேடிக்கொண்டிருந்தாள்.

அந்தோணி நின்று பார்த்தார். "கெடச்சா இன்னாம்மா பண்ணுவே?"

"மெஷின்ல வுட்டு அளந்து பாப்பேன் அண்ணே," என்றாள், பெட்டியை மறுபடி அதன் இடத்துக்குத் தள்ளியபடி.